போகாதே என்று அரசு சொன்னால், யாரிடம் சொல்கிறது?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் இணையதளத்தில், மிகுந்த ஆபத்துள்ள நாடுகளுக்குப் போயே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்காகத் தனியே ஓர் அறிவுரைப் பகுதி உண்டு. படித்தால் வயிற்றைக் கலக்கும். உயில் எழுதி வையுங்கள் என்கிறது. பிள்ளைகளை யார் வளர்ப்பது, நாய் பூனையை யார் பார்த்துக்கொள்வது, உங்கள் ஈமச்சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்பதையெல்லாம் வீட்டாரோடு பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்கிறது. உடலை அடையாளம் காண வேண்டிவந்தால் உதவும் என்பதால் மரபணு மாதிரியை மருத்துவரிடம் கொடுத்து வைக்கச் சொல்கிறது. நீங்கள் கடத்தப்பட்டால், கடத்தியவர்கள் கையில் இருப்பது நீங்கள்தானா, இன்னும் உயிரோடு இருக்கிறீர்களா என்று சோதிக்க, உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் மட்டுமே விடை தெரிந்த கேள்விகளை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள் என்கிறது.

குடிமக்களிடம் இவ்வளவு பட்டவர்த்தனமாகப் பேச அரசுகள் தாமாகக் கற்றுக்கொள்ளவில்லை. பிணங்கள் விழுந்த பிறகு, அந்தக் குடும்பங்கள் கேள்வி கேட்ட பிறகுதான் கற்றுக்கொண்டன.

1988 டிசம்பர் 5 அன்று பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பெயர் சொல்லாத ஒருவர், இன்னும் இரண்டு வாரத்துக்குள் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து அமெரிக்கா போகும் பான் ஆம் விமானம் ஒன்றில் குண்டு வெடிக்கும் என்றார். தகவல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குப் போனது. அங்கிருந்து விமான நிறுவனங்களுக்கும் தூதரகங்களுக்கும் போனது. மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகம் அதை ஊழியர்கள் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டியது. கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்ப டிக்கெட் வாங்கியிருந்த பொதுமக்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. டிசம்பர் 21 இரவு பான் ஆம் 103 விமானம் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே வெடித்துச் சிதறியது. விமானத்தில் 259 பேர், தரையில் 11 பேர், ஆக 270 உயிர்கள்.

அந்த ஹெல்சிங்கி அழைப்புக்கும் குண்டுவெடிப்புக்கும் தொடர்பில்லை, யாரோ கிளப்பிவிட்ட புரளி தற்செயலாகப் பொருந்திவிட்டது என்ற முடிவுக்கே புலனாய்வாளர்கள் பின்னர் வந்தார்கள். ஆனாலும் மாஸ்கோ பலகையை இறந்தவர்களின் குடும்பங்கள் விடவில்லை. தூதரக ஊழியர் தன் டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம், கல்லூரி மாணவி அதே விமானத்தில் ஏற வேண்டுமா என்று கேட்டார்கள். அந்தக் கோபத்திலிருந்து 1990-இல் ஒரு சட்டம் வந்தது. அமெரிக்க அரசு இன்றும் கடைப்பிடிக்கும் விதியும் அதிலிருந்து உறுதிப்பட்டது: தன் ஊழியர்களைப் பொதுவாக எச்சரிக்கும் அளவுக்கு ஒரு தகவல் நம்பத்தகுந்தது என்றால், அதே எச்சரிக்கை பொதுமக்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

இந்த விதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத்துறை கொழும்புக்குத் தகவல் கொடுத்தது. அடுத்த சில நாட்களில் இலங்கைப் போலீசுக்குள்ளேயே முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்புப் பிரிவுகளுக்குக் கடிதம் போனது. கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலுக்கும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிக்கும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்துக்கும் ஈஸ்டர் பூசைக்குப் போனவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஆலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கையில் இருந்த தகவலை வைத்துக்கொண்டு கடமை தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஒரு பயண எச்சரிக்கை எழுதப்படும்போது அதிகாரியின் மனத்தில் பயணி மட்டும் இருப்பதில்லை. நாளை வரக்கூடிய நீதிமன்றமும் விசாரணை ஆணையமும் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் அந்த அறிவிப்புகளின் பாதி விசித்திரங்கள் விளங்கிவிடும்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரியிலிருந்து அமெரிக்கா எல்லா நாடுகளையும் நான்கு நிலைகளில் வைக்கிறது. முதல் நிலைக்கு வழக்கமான கவனம் போதும், இரண்டாம் நிலைக்குக் கூடுதல் கவனம், மூன்றாவது, போக வேண்டுமா என்று மறுபடி யோசியுங்கள், நான்காவது, போகாதீர்கள். ஏமன், சோமாலியா, லிபியா, ஆப்கானிஸ்தான் போன்றவை ஆண்டுக்கணக்காக நான்காம் நிலையிலேயே கிடக்கின்றன. ஏன் அந்த நிலை என்பதற்கு எழுத்துக் குறியீடுகள் உண்டு: குற்றம், பயங்கரவாதம், கலவரம், நோய், இயற்கைச் சீற்றம் என. 2019-இல் ஆட்கடத்தலுக்கு ஒரு குறியீடு சேர்ந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது 2022-இல் சேர்ந்தது: அந்த நாட்டு அரசே உங்களை நியாயமில்லாமல் சிறைபிடித்து பேரம் பேசும் ஆபத்து. கொள்ளைக்காரனுக்கு அடுத்தபடியாக, ஒரு நாட்டின் நீதித்துறையையே ஆபத்துப் பட்டியலில் சேர்த்த குறியீடு அது. மூன்றாம், நான்காம் நிலைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது விதி.

இதெல்லாம் அறிவுரைதான், தடை இல்லை. போனால் யாரும் கைது செய்ய மாட்டார்கள். விதிவிலக்குகள் உண்டு: 2017 செப்டம்பர் முதல் வடகொரியாவுக்குப் போக அமெரிக்க பாஸ்போர்ட் செல்லாது, சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். ஆஸ்திரேலியா 2014-இல் சிரியாவின் ரக்கா மாகாணத்துக்குள் தக்க காரணமின்றி நுழைவதையே 10 ஆண்டு வரை சிறை பெறக்கூடிய குற்றமாக்கியது. இவை அபூர்வம். மற்றபடி வெறும் அறிவுரைக்குப் பல் முளைக்கும் இடம் இன்சூரன்ஸ்.

அதைப் பிரிட்டனில்தான் சரியாகப் பார்க்க முடியும். அங்கே நான்கு நிலை கிடையாது, இரண்டே வாக்கியங்கள்: எந்தப் பயணமும் வேண்டாம்; தவிர்க்க முடியாத பயணம் தவிர மற்றவை வேண்டாம். இந்த இரண்டில் ஒன்று ஓர் ஊருக்கு வந்துவிட்டால் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் அங்கே செல்லாமல் போகின்றன. சுற்றுலா நிறுவனங்கள் அந்த ஊருக்கான பயணங்களை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தருகின்றன, ஏற்கனவே அங்கிருப்பவர்களைத் திருப்பி அழைத்து வருகின்றன. அதிகாரி வரைபடத்தில் ஒரு கோடு வரைகிறார். மறுநாள் கோட்டுக்கு அந்தப் பக்கமுள்ள ஹோட்டல்களில் அறைகள் காலி.

துனிசியாவில் அந்தக் கோடு வராமல் போனதையும், வந்த பிறகு நடந்ததையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். 2015 மார்ச் 18 அன்று தலைநகர் துனிஸில் பார்டோ அருங்காட்சியகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள். பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தின் பக்கத்தில் பயங்கரவாத அச்சுறுத்தல் அதிகம் என்ற வரி இருந்தது. ஆனால் சூஸ் கடற்கரைக்குப் போக வேண்டாம் என்ற வாக்கியம் இல்லை. ஆகவே காப்பீடு செல்லும், விமானம் போகும், ரத்து செய்தால் பணம் கிடைக்காது. ஜூன் 26 அன்று சூஸில் ஹோட்டலை ஒட்டிய மணற்பரப்பில் ஒருவன் துப்பாக்கியோடு நடந்துவந்து 38 பேரைக் கொன்றான். அதில் 30 பேர் பிரிட்டிஷார். பின்னர் லண்டனில் நடந்த மரண விசாரணையில், அந்த அரசாங்கப் பக்கத்தைத் தாங்கள் பார்க்கவே இல்லை, டிக்கெட் விற்றவர்கள் காட்டவும் இல்லை என்று குடும்பங்கள் பல சாட்சி சொல்லின. பக்கம் இருந்தது, வரி இருந்தது. படிக்க வேண்டியவர் கண்ணில் படவில்லை.

தாக்குதலுக்குப் பிறகு, ஜூலையில், அந்த வாக்கியம் வந்தது. ஆயிரக்கணக்கான பிரிட்டிஷார் சில நாட்களுக்குள் விமானம் ஏறினார்கள். ஜெர்மனியும் பிரான்சும் அதே தகவல்களைப் பார்த்துக்கொண்டிருந்தும் தம் மக்களை அப்படித் திருப்பி அழைக்கவில்லை. பிரிட்டன் தன் அறிவுரையைத் தளர்த்த 2017 ஜூலை வரை இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. ஒரே கடற்கரை, ஒரே ஆபத்து. அண்டை நாடுகளின் அரசுகளே வேறு வேறு முடிவுக்கு வருகின்றன என்றால், இதை அறிவியல் அளவீடு என்று நம்பக் கூடாது. அதில் இழப்பு எண்ணிக்கையும் உள்நாட்டு நாளிதழ்களின் கோபமும் கலந்திருக்கின்றன. சூஸில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷார். லண்டனில் எந்த அமைச்சரும் அடுத்த தாக்குதலுக்குப் பதில் சொல்லும் நிலையில் இருக்க விரும்பியிருக்க மாட்டார்.

எச்சரிக்கை வாங்கும் நாடுகளுக்கு இது சாப்பாட்டுப் பிரச்சினை. 2018 மே மாதம் இலங்கைக்கு 1,29,000-க்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிந்தைய 2019 மே மாதத்தில் வந்தவர்கள் 38,000-க்கும் குறைவு. இந்தியாவும் அப்போது அவசியமில்லாத பயணத்தைத் தவிர்க்கச் சொல்லியிருந்தது. காலி நகரில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவரும் எல்ல ஊரில் அறை வாடகைக்கு விடுகிறவரும் குண்டு வைக்கவில்லை. விலை கொடுத்தது அவர்கள்தான். பயங்கரவாதிக்குச் செலவில்லாமல் கிடைக்கும் இரண்டாவது வெற்றி இது என்ற வாதம் பழையது, முழுக்கத் தவறும் அல்ல. 202 பேர் இறந்த 2002 பாலி குண்டுவெடிப்புக்குப் பிறகு முன்னெச்சரிக்கை போதவில்லை என்று கண்டனம் வாங்கிய பிரிட்டன், அதன்பின் எல்லா இடத்துக்கும் எச்சரிக்கை விட்டு ஓய்ந்து, 2004-இல் கொள்கையையே மாற்றியது: ஆபத்து மிகக் கடுமையாகவும் உடனடியாகவும் இருந்தால் மட்டுமே பயங்கரவாதத்தைக் காரணம் காட்டிப் பயணத்தைத் தவிர்க்கச் சொல்வது. சூஸ் விஷயத்தில் மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையே அந்த வாக்கியம் வராததன் பின்னணியில் இந்த உயர்ந்த வரம்பும் உண்டு என்று நினைக்கிறேன்.

பலன் தந்த எச்சரிக்கைக்கு ஓர் அவலம் இருக்கிறது: அது பொய்யாகத் தெரியும். 2024 அக்டோபர் 23 அன்று கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகம், அம்பாறை மாவட்டம் அறுகம்பைப் பகுதியில் சுற்றுலா இடங்களைத் தாக்கத் திட்டமிருப்பதாக நம்பத்தகுந்த தகவல் வந்திருக்கிறது, மறு அறிவிப்பு வரும்வரை அங்கே போகாதீர்கள் என்றது. பொத்துவிலுக்குப் பக்கத்திலுள்ள அலைச்சறுக்குக் கடற்கரை அது. இஸ்ரேலிய இளைஞர்கள் கூட்டமாக வரும் இடம். இஸ்ரேல் தன் மக்களை உடனே வெளியேறச் சொன்னது. போலீஸ் குவிக்கப்பட்டது, சிலர் கைதானார்கள். தாக்குதல் நடக்கவில்லை. சதி இருந்து எச்சரிக்கையால் நின்றதா, காஸா போர்க்காலப் பதற்றத்தில் மிகையாகப் பேசப்பட்டதா? அறுகம்பையில் கடை வைத்திருப்பவர் இரண்டாவதைத்தான் நம்புவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வெறும் அரசியலுக்காக விடப்படும் எச்சரிக்கைகளும் இருக்கின்றன. 2023 செப்டம்பரில் கனடாவும் இந்தியாவும் ஒன்றையொன்று குற்றம் சாட்டிக்கொண்டபோது, கனடாவிலுள்ள இந்தியர்கள் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும் என்று டெல்லி அறிவிப்பு விட்டது. கனடாவுக்குப் படிக்கப் போக வரிசையில் நின்ற பஞ்சாப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் படித்து விமான டிக்கெட்டைக் கிழித்திருப்பார்கள்? அது ஒட்டாவாவுக்கு எழுதிய கடிதம். முகவரியில் மட்டும் மாணவர் பெயர். சீனா இந்தக் கலையில் தேர்ந்த நாடு. தென்கொரியாவோடு நடந்த ஏவுகணைத் தடுப்பு அமைப்பு தொடர்பான சண்டையில் தன் மக்களின் குழுச் சுற்றுலாவை அது நிறுத்தியபோது, 2016-இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த தென்கொரியாவுக்கான சீனப் பயணிகள் எண்ணிக்கை 2017-இல் ஏறத்தாழப் பாதியானது. ஜப்பான் பிரதமர் தைவான் பற்றிப் பேசியதற்காக 2025 நவம்பரில் ஜப்பானுக்குப் போகாதீர்கள் என்றது.

இனி நமக்கு நெருங்கிய கதைக்கு வருவோம். இந்தியாவில் நிலை எண்ணும் இல்லை, வண்ண வரைபடமும் இல்லை. வெளியுறவு அமைச்சகமோ தூதரகமோ தேவைப்படும்போது ஓர் அறிவிப்பு வெளியிடும். எவ்வளவு தீவிரம் என்பதை அதன் வாக்கியத்திலிருந்து நாமே ஊகிக்க வேண்டும். உக்ரைனில் 2022 பிப்ரவரியில் இந்த முறையின் பலவீனம் முழுதாகத் தெரிந்தது.

பிப்ரவரி 10 அன்று அமெரிக்க ஜனாதிபதி பைடன், அமெரிக்கர்கள் இப்போதே வெளியேற வேண்டும் என்று தொலைக்காட்சியில் சொன்னார். மறுநாள் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் 24 முதல் 48 மணி நேரம் என்று கெடுவும் வைத்தார். அதே நாள் பிரிட்டன், விமானங்கள் ஓடும்போதே கிளம்புங்கள் என்றது. உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியோ, பீதி கிளப்பாதீர்கள் என்று எரிச்சல்பட்டார். பிப்ரவரி 15 அன்று கீவிலுள்ள இந்தியத் தூதரகம் முதல் அறிவிப்பை விட்டது: தங்குவது அவசியமில்லாத இந்தியர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவது குறித்து யோசிக்கலாம். ஒரு மருத்துவ மாணவனின் இடத்திலிருந்து இதைப் படித்துப் பாருங்கள். வகுப்பு நடக்கிறது. வராவிட்டால் வருகைப் பதிவு போகும் என்கிறது கல்லூரி. விமானக் கட்டணம் எகிறிக் கிடக்கிறது. வீட்டில் அப்பா ஏற்கனவே கடன் வாங்கித்தான் அனுப்பியிருக்கிறார். அரசு "யோசிக்கலாம்" என்கிறது. அவன் யோசித்தான்; போகவில்லை.

20-ஆம் தேதி அறிவிப்பு இறுகியது: மாணவர்கள் எல்லோரும் வெளியேறும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். 22-ஆம் தேதி, ஆன்லைன் வகுப்பு குறித்துப் பல்கலைக்கழகங்களின் உறுதிமொழிக்காகக் காத்திருக்காமல் கிளம்புங்கள் என்றது. மாணவர்களைப் பிடித்து வைத்திருந்தது எது என்று தூதரகத்துக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு இந்த வரியே சாட்சி. அது ஒரு வாரம் முன்னால் வந்திருக்க வேண்டிய வரி. 24-ஆம் தேதி விடியலில் படையெடுப்பு தொடங்கியது, வான்வெளி மூடப்பட்டது. மாணவர்களை ஏற்றிவரக் கீவுக்குப் பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியா விமானம் பாதி வழியில் டெல்லிக்குத் திரும்பியது.

மார்ச் 1 அன்று கார்கிவில் கர்நாடகத்தைச் சேர்ந்த மருத்துவ மாணவர் ஒருவர் குண்டு வீச்சில் இறந்தார். மறுநாள் வந்த அறிவிப்பில் யோசிக்க இடமே இல்லை. கார்கிவை உடனே விட்டு வெளியேறுங்கள்; பெசோச்சின், பாபாயே, பெஸ்லுடோவ்கா என்ற மூன்று இடங்களுக்குப் போங்கள்; மாலை ஆறு மணிக்குள் அங்கே இருந்தாக வேண்டும்; பஸ்ஸோ வண்டியோ கிடைக்காவிட்டால் நடந்தே போங்கள். ரயில் நிலையத்திலிருந்து அந்த இடங்கள் 11, 12, 16 கிலோமீட்டர் என்று தொலைவும் அதில் குறித்திருந்தது. பனியில், குண்டுச் சத்தத்தில், பெட்டியை இழுத்துக்கொண்டு நம் பிள்ளைகள் நடந்தார்கள். பதினைந்து நாள் இடைவெளியில் ஒரே தூதரகம் எழுதிய இரண்டு அறிவிப்புகள் இவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் முதல் அறிவிப்பின் மென்மை யாருக்காக என்ற கேள்வி எழும். ரஷ்யாவோடு உறவைக் கெடுத்துக்கொள்ளாத நாடு, ரஷ்யா படையெடுக்கப்போகிறது என்று ஒப்புக்கொள்வது போன்ற வாக்கியத்தை எழுதத் தயங்கியது என்பது என் ஊகம். ஆபரேஷன் கங்கா என்ற மீட்பு நடவடிக்கையில் 22,500 பேர் வரை திரும்பினார்கள். தமிழ்நாட்டு மாணவர்கள் மட்டும் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேல். மீட்பு வேலையைக் குறைத்துப் பேச முடியாது. அரசுச் செலவில் அழைத்துவந்ததும் பெரிய விஷயம். அமெரிக்காவில் அரசு விமானத்தில் ஏறும்முன் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகக் கடன்பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஆனால் மீட்பில் காட்டிய சுறுசுறுப்பு எச்சரிக்கையில் இருந்திருந்தால் மீட்க வேண்டியவர்கள் பாதியாகக் குறைந்திருப்பார்கள்.

ஆகவே இந்த அறிவிப்புகளைப் படிக்க என்னிடம் ஒரே ஒரு உபாயம்தான் இருக்கிறது. வாக்கியத்தை விட்டுவிட்டு, அந்த அரசு தன் சொந்த ஆட்களை என்ன செய்கிறது என்று பார்ப்பேன். தூதரக அதிகாரிகளின் மனைவி மக்கள் ஊர் திரும்புகிறார்களா? அமெரிக்கா இதில் இரண்டு படி வைத்திருக்கிறது: விரும்பினால் போகலாம் என்பது ஒன்று, போயே ஆக வேண்டும் என்ற உத்தரவு மற்றொன்று. கீவில் ஜனவரி 23 அன்றே ஊழியர்களின் குடும்பங்களுக்கு இரண்டாவது உத்தரவு வந்துவிட்டது. முதல் ஏவுகணை விழ அதற்குப் பிறகு முழுதாக ஒரு மாதம் இருந்தது. வேறொரு நாட்டின் தூதரக அறிவிப்பை நாம் படிக்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. கீவில் படித்த இந்திய மாணவர்களில் அந்த மாதத்தில் கிளம்பியவர்கள் அநேகமாக அதைப் படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

மாணவனாவது படிப்பை ஒத்திப்போடலாம். வேலைக்குப் போனவருக்கு அந்த வசதியும் கிடையாது. பயண எச்சரிக்கை என்ற ஏற்பாடே டிக்கெட்டை ரத்து செய்யக்கூடிய, காப்பீடு வைத்திருக்கிற, திரும்பிவந்தால் சம்பளம் நிற்காத ஒருவரை மனத்தில் வைத்து உருவானது. 2014 ஜூனில் இராக்குக்குப் போக வேண்டாம் என்று இந்தியா சொன்னபோது திக்ரித் மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர்கள் இருந்தார்கள். ஏறத்தாழ எல்லோரும் கேரளத்தவர், ஒருவர் தூத்துக்குடிக்காரர். ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் ஊரில் வட்டி போட்டுக்கொண்டிருந்தது. சம்பளப் பாக்கி மாதக்கணக்கில் நின்றது. கிளம்பு என்றால் கடனோடும் வெறுங்கையோடும் கிளம்ப வேண்டும். அந்த 46 பேரும் ஜூலை 5 அன்று கொச்சியில் உயிரோடு வந்து இறங்கினார்கள். அதே ஜூனில் மொசூலில் ஐ.எஸ். பயங்கரவாதிகளிடம் பிடிபட்ட 39 கட்டுமானத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்பதை அரசு 2018 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் உறுதி செய்தது.

ஏமன் விஷயத்தில் இந்தியா அறிவுரையைத் தாண்டித் தடைக்கே போனது. 2015-இல் ஆபரேஷன் ராஹத்தில் 4,640 இந்தியர்களை அங்கிருந்து அழைத்துவந்த பிறகும் சிலர் திரும்பப் போனதால், 2017 செப்டம்பரில் ஏமன் பயணத்தையே தடுத்து, மீறினால் பாஸ்போர்ட் முடக்கப்படும் என்றது. ஏமன் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த மகளைப் பார்க்க ஒரு தாய் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், போவது என் சொந்தப் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

2024 ஏப்ரலில் நடந்தது இன்னும் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்லக் கூடாதுதான். பாலஸ்தீனத் தொழிலாளர்களுக்குப் பதிலாகக் கட்டட வேலைக்கு ஆள் எடுக்க இஸ்ரேலோடு இந்திய அரசு ஒப்பந்தம் போட்டிருந்தது. மாதம் 1.37 லட்சம் ரூபாய் வரை சம்பளம் என்றவுடன் வட மாநிலங்களில் ஆட்சேர்ப்பு மையங்களில் கூட்டம் அலைமோதியது. மார்ச் மாதத் தொடக்கத்தில் இஸ்ரேலின் வட எல்லைத் தோட்டம் ஒன்றில் ஏவுகணை விழுந்து கேரளத் தொழிலாளி ஒருவர் இறந்திருந்தார். ஏப்ரல் 2 அன்று அந்த ஒப்பந்தத்தின் முதல் அணி, அறுபதுக்கும் மேற்பட்டவர்கள், டெல்லியிலிருந்து முறைப்படி வழியனுப்பப்பட்டார்கள். ஏப்ரல் 12 அன்று அதே அரசின் வெளியுறவு அமைச்சகம், ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் போகாதீர்கள் என்று அறிவித்தது. அங்கே ஏற்கனவே இருப்பவர்களைத் திரும்பச் சொல்லவில்லை. தூதரகத்தில் பதிவு செய்யுங்கள், நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றது. மறுநாள் இரவு ஈரான் 300-க்கும் மேற்பட்ட ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் இஸ்ரேல் மீது ஏவியது.

எச்சரிக்கைக்கு இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: அது நாட்டின் பெயரில் வருகிறது, ஆபத்தோ பாதையில் வருகிறது. மியான்மர் பல நாடுகளின் பட்டியலில் சிவப்பு. ஆனால் மியான்மர் எல்லை ஊரான மியாவடியில், இணைய மோசடி செய்யவைக்கும் முகாம்களில் போய் மாட்டிக்கொண்ட நம் ஊர்ப் பையன்கள் யாரும் மியான்மருக்கு டிக்கெட் எடுக்கவில்லை. பாங்காக்கில் டிஜிட்டல் விற்பனை வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லித் துபாயிலும் இந்தியாவிலும் உள்ள ஏஜென்டுகள் தாய்லாந்துக்கு அனுப்பினார்கள். தாய்லாந்து முழுவதையும் அப்போது எந்தப் பட்டியலும் ஆபத்து நாடு என்று சொல்லவில்லை. அங்கிருந்து மே சாட் எல்லை ஊர், மொயி ஆற்றைக் கடந்தால் ஆயுதக் குழுக்களின் ராஜ்யம். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் இந்த வலையைப் பற்றி எச்சரித்தது. அக்டோபரில் தமிழர்கள் 13 பேர் சென்னை வந்திறங்கினார்கள். அதற்குப் பிறகும் ஆட்கள் போனார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்களை அழைத்துவந்தன.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். பட்டப்படிப்பு முடித்த கணினிப் பையனுக்கு அந்த முத்திரை இல்லை, ஆகவே அந்தச் சோதனையும் இல்லை. முத்திரை உள்ளவரும் சுற்றுலா விசாவில் ஏறினால் சோதனையிலிருந்து நழுவிவிடலாம். ஏஜென்டுகள் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். போலி ஏஜென்டுகளைக் கண்டுபிடிக்கும் வழி, எந்தப் பயண எச்சரிக்கையையும்விட எளிது. பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு நிறுவனங்களின் பட்டியல் அரசின் இமைக்ரேட் தளத்தில் உரிம எண்ணோடு இருக்கிறது. ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே, அதற்கு ரசீதும் தர வேண்டும். தமிழ்நாட்டு அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது. இரண்டு லட்சம் கொடு, விசா துபாயில் கைக்கு வரும், வேலை எந்த ஊரில் என்று அங்கே போன பிறகு சொல்வார்கள் என்று ஒருவர் சொன்னால், அவர் உரிம எண்ணைக் கேட்டு அந்தத் தளத்தில் போட்டுப் பார்க்கலாம்.